பாயின் ஓரத்தில்

மக்களே,

தெற்கு சூடானில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் புறப்படணும் என்று நீ போனில் சொன்ன அன்று ராத்திரி உன் அம்மை சாப்பிடவில்லை. சண்டை நடக்கிற ஊருக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று அவளுக்குக் கலக்கம். என் கலக்கம் வேறு. "ஆச்சி, நீங்க லைபீரியாவுல ஒரு வருஷம் இருந்தீங்கல்லா, அந்தப் பொம்பளைகளுக்கு என்ன செஞ்சு குடுத்தீங்க?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வியில் என் மனசு நின்றுவிட்டது. இதே நினைப்போடுதான் நானும் அங்கே போய் இறங்கினேன்.

நான் 1987-இல் மத்திய ரிசர்வ் போலீஸில் சேர்ந்தவள். நாட்டிலேயே முதல் மகளிர் பட்டாலியன் அப்போதுதான் உருவாகியிருந்தது. இருபது வருஷம் கழித்து, 2007 ஜனவரியில், ஐ.நா. அமைதிப்படைக்காக இந்தியா ஒரு மகளிர் போலீஸ் அணியை லைபீரியாவுக்கு அனுப்பியது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். ஐ.நா. வரலாற்றில் அப்படி ஓர் அணி போனது அதுதான் முதல் தடவை. பிறகு அணி மாறி மாறிப் போனது, 2016 வரைக்கும். அப்படிப் போன ஓர் அணியில் நானும் இருந்தேன். நீலத் தொப்பியும் துப்பாக்கியுமாக நான் நிற்கிற படத்தை உன் அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். அதில் இல்லாததை இப்போது சொல்கிறேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வந்தது. பக்கத்திலேயே ஹார்பெல் என்ற ஊர், 1926-இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி தொடங்கிய ரப்பர் தோட்டம். குலசேகரம் பக்கம் சிரட்டை கட்டி நிற்கிற மரங்களைப் போலவே வரிசை வரிசையாக மரங்கள். ஊருக்குள் போனால் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மலையாகக் குவிந்து கிடக்கிறது. நாம் கிழங்கைத் தின்றுவிட்டு இலையைத் தூர எறிகிறோம். அவர்கள் இலையையும் விடுவதில்லை. இடித்து, சிவந்த பாமாயிலில் மீனும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைத்துச் சோற்றில் ஊற்றித் தின்கிறார்கள். மழையைக் கேட்காதே. ஜூன், ஜூலையில் நம்ம இடவப்பாதி மழை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அப்போதெல்லாம் ராத்திரியானால் தலைநகர் மன்ரோவியா இருட்டு. மின்சாரம் கொடுத்த அணையைப் போரில் 1990-லேயே அழித்துவிட்டார்கள். வசதி உள்ள வீட்டில் ஜெனரேட்டர் ஓடும், இல்லாத வீட்டில் மெழுகுவத்தி. அந்நாட்டுப் போலீஸ்காரர்களில் பெரும்பாலோர் கையில் அப்போது துப்பாக்கி கிடையாது. அவர்களோடு ரோந்து போவது எங்கள் வேலை. ஜனாதிபதி அலுவலகத்துக்குக் காவல் நிற்பதும் எங்கள் வேலைதான். அப்போது ஜனாதிபதி எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்கக் கண்டத்தில் தேர்தலில் ஜெயித்து நாட்டை ஆள வந்த முதல் பெண். அவர் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் விறைத்து நிற்பதும் பெண்கள். எனக்கு அது எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

அந்தப் பெருமையில்தான் ஒரு நாள் வாய்விட்டேன்.

விமானத்திடல் பக்கம், பெரிய சாலையை ஒட்டி ஒரு வெட்டவெளி. மீன் சந்தைத் திடல் என்பார்கள். அங்கே ஒரு கொட்டகை. வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளைத் துணியுமாகச் சில பெண்கள் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் புகைபோட்ட மீன் விற்கிறவர். அறுபது வயதிருக்கும். அந்த ஊரில் வயதான பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஓல் மா' என்பார்கள். நம்ம ஆச்சிதான். அவர் கைகுலுக்கினால் கடைசியில் இரண்டு பேர் விரலும் சேர்ந்து சொடக்குப் போடணும், அது அவர்கள் வழக்கம். எனக்கு அந்தச் சொடக்கு வரவே வராது. ஒவ்வொரு தடவையும் என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். அன்றைக்கு நான் சொன்னேன்: "ஓல் மா, இனி பயப்படாதீங்க. நாங்க வந்துட்டோம்."

அவர் கோபப்படவில்லை. என் கையை விடாமலே கேட்டார்: "மகளே, 2003-இல் நீ எங்கே இருந்தாய்?"

குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் காஷ்மீரில் இருந்தேன் என்றேன். "அப்படியென்றால் உனக்குத் தெரியாது. உட்கார்" என்று பாயைத் தட்டினார். எனக்கு டியூட்டி நேரம். உட்காரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு.

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

லைபீரியா, அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுக் கப்பலேறி வந்தவர்கள் 1847-இல் அமைத்த குடியரசு. வந்தவர்களின் வம்சம் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டது, மண்ணின் மக்கள் ஆளப்பட்டார்கள். 1979-இல் அரிசி விலையை ஏற்றப் பார்த்தார்கள், தலைநகரில் கலவரம். அரிசிச்சோறு தின்கிற ஊரில் அரிசியில் கைவைத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மறுவருஷம் ராணுவப் புரட்சி. 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சார்ல்ஸ் டெய்லரின் படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. அதோடு தொடங்கிய போர், நடுவில் கொஞ்ச காலம் அடங்கி, 2003 வரை எரிந்தது. இரண்டரை லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது நாட்டின் ஜனத்தொகையே முப்பது லட்சம்தான். பத்து வயசுப் பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, போதையும் கொடுத்து அனுப்பினார்கள். பெண்களுக்கு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. ஓல் மாவும் அதை மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போகிற இடத்திலும் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்.

மன்ரோவியாவில் புனித பேதுரு லூத்தரன் தேவாலயம் இருக்கிறது. 1990 ஜூலை 29 ராத்திரி, அடைக்கலம் தேடி அங்கே படுத்திருந்தவர்கள் மேல் அரசுப் படையே பாய்ந்தது. சுமார் 600 பேர் செத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே தேவாலயத்தில்தான் லேமா போவீ என்ற பெண் மற்றப் பெண்களைக் கூட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயது, நாலு பிள்ளைகளுக்குத் தாய். போரில் மனம் உடைந்தவர்களுக்கும், துப்பாக்கி தூக்கிய பையன்களுக்கும் ஆறுதல் சொல்லும் வேலை பார்த்தவர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையில் ஏற்கெனவே ஓர் அமைதி வலையமைப்பு இருந்தது. நைஜீரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் தெல்மா எக்கியோர் அதில் பெண்களுக்கென்று ஒரு கிளையைத் தொடங்கியிருந்தார். லைபீரியாவில் அதை நடத்தியவர் லேமா.

தேவாலயத்தில் கூடியவர்கள் கிறிஸ்தவப் பெண்கள். பின்வரிசையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் எழுந்தார், அசாத்து பா கென்னத். அவரும் என்னைப் போல ஒரு போலீஸ்காரி. என் பெண்களையும் கூட்டி வருகிறேன் என்றார். கிறிஸ்தவப் பெண்களில் சிலருக்குத் தயக்கம், அவர்களோடு சேர்ந்து உட்காரலாமா என்று. குண்டு ஆளைப் பார்த்தா விழுகிறது என்று கேட்டுத்தான் அந்தத் தயக்கத்தைக் கரைத்தார்கள்.

இதை ஓல் மா சொன்னபோது எனக்கு மண்டைக்காடு ஞாபகம் வந்தது. 1982, எனக்குப் பதினைந்து வயது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடந்த அந்தக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கடற்கரையிலிருந்து மீன்காரி வருவது நின்றுபோனது. வந்தாலும் வாங்கக்கூடாது என்று ஆண்கள் பேசி வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவள் துணிந்து கடவத்தோடு வந்து தெருமுனையில் நின்றாள். யார் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. என் ஆச்சி போய் அவள் கடவத்தை இறக்கி, திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். சாளையும் வாங்கினாள். மறுநாள் ரெண்டு வீட்டில் வாங்கினார்கள். இதை நான் லைபீரியாவோடு ஒப்பிடவில்லை. அங்கே நடந்ததற்கு எதுவும் ஈடாகாது. ஆனால் ஓல் மா பேசியது எனக்குப் புரிந்தது அந்தத் திண்ணையால்தான்.

2003 ஏப்ரலில் லேமாவோடு சேர்ந்த பெண்கள் அந்த மீன் சந்தைத் திடலில் வந்து உட்கார்ந்தார்கள். ஏன் அந்தத் திடல் தெரியுமா? அதற்குள் ஜனாதிபதி ஆகியிருந்த டெய்லரின் கார் வரிசை தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் போகும். வெள்ளை உடை. காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. பணக்காரி யார், சந்தைக்காரி யார் என்று பார்த்தவருக்குத் தெரியாது. வெயிலிலும் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள். ஓல் மாவுக்கு அன்றாடம் மீன் விற்றால்தான் ராத்திரி உலை. அதை விட்டுவிட்டு எப்படி வந்தீர்கள் என்றேன். விடியும் முன்னே போய் விற்கிறதை விற்றுவிட்டு வருவேன், விற்காத நாளில் பக்கத்துப் பாய்க்காரி கொண்டுவந்ததில் எனக்கும் ஒரு கை இருக்கும் என்றார்.

போர் முடியும் வரை கணவனோடு படுப்பதில்லை என்றும் ஒரு சபதம் எடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. அதனால் போர் நின்றதாக லேமா போவீயே சொல்லவில்லை, உலகம் திரும்பிப் பார்க்க உதவியது என்பதுதான் அவர் கணக்கு. போரை அசைத்தது தினமும் வந்து உட்கார்ந்ததுதான். நீயும் ஒரு நாட்டைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதே.

ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைக் கூப்பிட்டார். ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தார்கள். லேமா எழுந்து நின்று படித்தார். கேட்டது மூன்றே மூன்று: உடனே போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, தலையிட்டுக் காக்க ஒரு சர்வதேசப் படை. எங்களுக்கு இந்தப் பதவி, அந்தப் பங்கு என்று ஒரு வரி கிடையாது. நான் அங்கே போனது அந்த மூன்றாவது கோரிக்கையின் பேரில்தான். நாங்கள் வந்து காப்பாற்றினோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரச் சொல்லிக் கேட்டவர்கள் அந்தப் பாயில் இருந்தார்கள்.

ஜூனில் கானா நாட்டில் பேச்சுவார்த்தை தொடங்கியது. நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் நடுவர். தொடங்கிய அன்றே டெய்லர் மேல் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை வெளியானது, அவர் அவசரமாக ஊர் திரும்பினார். மற்றவர்கள் ஓட்டலில் தங்கிப் பேசிக்கொண்டே இருந்தார்கள், வாரக்கணக்கில். பதவியை யார் யாருக்குப் பிரிப்பது என்ற பேரம். அதே நேரம் மன்ரோவியாவில் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325 என்ற தீர்மானத்தை 2000 அக்டோபரிலேயே போட்டாயிற்று. கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகியும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் ஆயுதக் குழுக்களின் ஆண்கள்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள், கானாவில் அகதிகளாக இருந்த லைபீரியப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு சுமார் இருநூறு பேர் மண்டபத்து வாசலில் கையோடு கை கோர்த்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்பாடு ஆகாமல் ஒருத்தரும் வெளியே வரக்கூடாது. காவலர்கள் லேமாவைக் கைது செய்ய வந்தார்கள். அவர் எழுந்து, என் துணியை நானே அவிழ்க்கிறேன் என்று தலைத்துணியை உருவினார். தாய் தன் உடம்பைத் தானே வெளிக்காட்டினால் பார்க்கிற பிள்ளைக்கு அது சாபம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். அபுபக்கர் வந்து பேசினார். வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்த ஆயுதக் குழுத் தலைவனை அவரே அதட்டி உள்ளே அனுப்பினார். அதற்குப் பிறகு பேச்சின் போக்கு மாறியது. ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார். 18-ஆம் தேதி கானாவின் அக்ராவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

கையெழுத்து ஆன பிறகு நடந்ததுதான் உனக்கு அதிகம் வேண்டியது, கவனமாகப் படி. டிசம்பரில் ஐ.நா. படை ஆயுதங்களைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. பெண்கள் உதவுகிறோம் என்று முன்வந்தார்கள். எந்தப் பையன் எந்தக் குழு, எவன் எப்போது வெறிகொள்வான், எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் பெற்ற பிள்ளைகள்தானே. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் திட்டப்படியே போனார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள், பணம் கேட்டுக் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். பத்து நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. பையன்களை அமைதிப்படுத்தியதில் அந்த வெள்ளை உடைக்காரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள்.

2005 தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் பெண்கள் குறைவு என்று தெரிந்ததும் இதே வெள்ளை உடைக்காரிகள் சந்தை சந்தையாகப் போனார்கள். கடையை விட்டு வர முடியாது என்றவளிடம், நான் உன் கடையில் உட்காருகிறேன், நீ போய்ப் பதிந்துவிட்டு வா என்றார்கள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். பதிந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள் ஆனார்கள். நான் வாசலில் காவல் நின்றேனே, அந்த சர்லீஃப் அம்மாளை அங்கே கொண்டுவந்தது இதெல்லாம்தான். 2011-இல் அவருக்கும் லேமாவுக்கும், யேமன் நாட்டு தவக்குல் கர்மானுக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. டி.வி.யில் பார்த்து நான் அழுதது உன் அப்பாவுக்குத் தெரியும்.

இவர்களும் முதல் ஆட்கள் இல்லை. 1994-லேயே மேரி பிரவுனெல் என்ற ஆசிரியை, முதலில் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், பிறகு தேர்தல் என்று தெருவில் இறங்கினார். 1996-இல் ரூத் பெர்ரி இடைக்கால அரசுக்குத் தலைவரானார். இன்னும் பின்னால் போனால், 1969-இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கியவர் லைபீரியாவின் ஆஞ்சி புரூக்ஸ். அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் உட்கார்ந்த ஒரே பெண் நம்ம விஜயலட்சுமி பண்டிட். இதை ஓல் மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மீன் விற்கிற அம்மாவுக்கு எங்கள் நாட்டுப் பெண்ணின் பெயர் தெரிந்திருந்தது, எனக்கு அவர்கள் நாட்டுப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுருங்குகிறது. நீ புறப்படுவதற்குள் தெற்கு சூடானில் யார் யார் இருந்தார்கள் என்று படித்துவிடு. இருந்திருப்பார்கள். எழுதி வைத்தவர்கள்தான் குறைவாக இருப்பார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். போர் நடத்தியவர்களில் சிலர் செனட்டர்கள் ஆனார்கள். டெய்லருக்கு 2012-இல் ஐம்பது வருஷ தண்டனை கிடைத்தது, அதுவும் பக்கத்து நாடான சியரா லியோனில் செய்ததற்கு. சொந்த நாட்டுப் பெண்களுக்குச் செய்ததற்கு அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. பாராளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். பாலியல் கொடுமை போரோடு நிற்கவில்லை, நாங்கள் ரோந்து போன ராத்திரிகளில் கேட்ட அழுகைகளில் பாதி அதுதான். ஓல் மா இதையெல்லாம் தெரிந்துதான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் சலித்துப்போய், இன்னும் எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "யாராவது வந்தால் ஆள் இருக்கணுமே" என்றார்.

நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று எண்ணாதே. அனாதைப் பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுத்தோம், இருட்டில் நடக்கிறவர்களுக்குத் துணை நின்றோம். சீருடையில் எங்களைப் பார்த்து, நானும் போலீஸில் சேருகிறேன் என்று வந்த பெண்களை எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கட்டிய வீட்டுக்குக் காவல் நின்றவள் நான். வீடு கட்டியவள் நான் இல்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் விடைபெறப் போனேன். சிநேகிதி ஒருத்தியின் பெட்டியில் கிடந்த ஒரு கண்டாங்கிச் சேலையை வாங்கி, ஓல் மாவுக்கென்று மடித்து எடுத்துப் போயிருந்தேன். போனால், கொட்டகையில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுக்காத ஒரு தகப்பன், கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண், சுற்றிலும் வெள்ளைத் தலைத்துணிகள். பையன் முன்னாளில் துப்பாக்கி தூக்கியவன் என்று பக்கத்தில் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள். ஓல் மா என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. இரு என்று கையைக் காட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வெளியே ஜீப் நிற்கிறது. நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினான். சத்தமாகச் சொல் என்றார் ஓல் மா. மழை பிடித்துக்கொண்டது. ஜீப் டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தார். கைக்குழந்தைக்காரிக்குப் பால் கொடுக்க வசதியாக யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள், நானும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.